பதிப்பக வேலையை எதில் ஓட்டுவது: ஷீட்ஸா, நோஷனா, கோடாவா, ஏர்டேபிளா?

ஒரு சிறிய தமிழ்ப் பதிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர், இரண்டு எடிட்டர்கள், லேஅவுட் செய்பவர், கணக்குப் பார்ப்பவர் என்று உள்ளே ஐந்து பேர். வெளியே மூன்று மெய்ப்புத் திருத்துநர்கள், ஓர் அட்டை ஓவியர். ஆண்டுக்கு நாற்பது தலைப்புகள். அவற்றில் பாதிக்கு மேல் ஜனவரியில் பதிப்பாளர்கள், விற்பனையாளர்கள் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் அச்சாகி வந்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட இடங்களில் வேலை ஓடும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். நூல் பட்டியல் ஒருவருடைய கணினியில் எக்ஸெல் கோப்பாக இருக்கும். பிரதி மின்னஞ்சலில் வரும். மெய்ப்பு பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் போகும். சில சமயம் அச்செடுத்துக் கூரியரில் போகும். "அந்தக் கவிதைத் தொகுப்பு இரண்டாம் மெய்ப்பு முடிஞ்சுதா?" என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். இதற்காகத் தனி மென்பொருள் எழுதி வாங்க வசதியும் இல்லை, அவசியமும் இல்லை. ஷீட்ஸ், நோஷன், கோடா, ஏர்டேபிள் போன்ற, கோடிங் தெரியாமல் நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய கூட்டு ஆவணக் கருவிகள் இந்த அளவு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

எதை எடுப்பது என்பதை வசதிப் பட்டியலை வைத்து முடிவு செய்ய முடியாது என்பது என் கருத்து. அட்டவணை, பலகை, காலண்டர், படிவம் எல்லாம் இப்போது ஏதோ ஒரு வடிவில் எல்லாக் கருவிகளிலும் வந்துவிட்டன. அதைவிட முக்கியமான கேள்விகள் நான்கு: இதில் யார் யார் கைவைக்கப் போகிறார்கள்? அவர்களில் எத்தனை பேருக்குக் காசு கட்ட வேண்டும்? யார் எதைப் பார்க்கக் கூடாது? நாளைக்கு இதைவிட்டு வெளியேறினால் கையில் என்ன மிஞ்சும்? நான்குக்கும் பதில் குழுவைப் பொறுத்தது. அதனால்தான் பதிப்பகம் என்ற ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நூல் பிரதியின் திருத்தம் இந்தக் கருவிகளில் நடக்க வேண்டாம். முந்நூறு பக்க நாவலில் எடிட்டர் கைவைத்த இடமெல்லாம் தெரிய வேண்டும், எழுத்தாளர் ஒவ்வொன்றையும் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும் என்றால், அதற்கு கூகுள் டாக்ஸின் பரிந்துரை முறையும் வேர்டின் டிராக் சேஞ்சஸும் இருக்கின்றன. அவை அங்கேயே இருக்கட்டும். நாம் தேடுவது பிரதி எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, அடுத்து என்ன, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதைச் சொல்லும் இடத்தை.

ஷீட்ஸிலேயே இருந்துவிடலாமா?

பலர் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. கூகுள் ஷீட்ஸ் ஒரு கோப்பில் ஒரு கோடி கட்டங்கள் (செல்கள்) வரை தாங்கும். நாற்பது தலைப்பு, தலைப்புக்கு முப்பது பத்தி (நெடுவரிசை) என்றால் ஆண்டுக்கு 1,200 கட்டங்கள். அளவு பற்றிய கவலை நம் பேரப்பிள்ளைகளுக்கும் வராது. எல்லாரிடமும் ஜிமெயில் இருக்கிறது, யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டாம், பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகலாம், இணையம் இல்லாதபோதும் குரோமில் ஓரளவு வேலை செய்யலாம்.

சிக்கல் வேறு இடத்தில். ஷீட்ஸின் கட்டத்துக்குத் தான் என்ன என்று தெரியாது. ஒருவர் '12/1' என்று எழுதுவார், இன்னொருவர் 'ஜன 12' என்பார். ஒருவர் ஒரே ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டால், ஒரு நூலின் பெயருக்கு எதிரே இன்னொரு நூலின் ஐஎஸ்பிஎன் வந்து உட்காரும். 2024 மே மாதம் கூகுள் அட்டவணை வசதியைக் கொண்டுவந்தது. பத்திக்கு வகை சொல்லலாம், கீழிறங்கு பட்டியல் வைக்கலாம். இந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒரு நூலுக்குப் பல மெய்ப்புச் சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கூலி, ஒரே திருத்துநருக்குப் பல நூல் என்று உறவுகள் கிளைக்கும்போது ஷீட்ஸில் விலுக்கப் (வேறு பட்டியலிலிருந்து தகவலைத் தேடி எடுக்கும் சூத்திரம்) எழுதிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதை எழுதியவர் வேலையைவிட்டுப் போனால் அப்புறம் அந்தக் கோப்பைத் தொட எல்லாரும் பயப்படுவார்கள்.

ஷீட்ஸின் மேல் ஆப்ஷீட் வைத்து ஃபோன் செயலி செய்துகொள்ளலாம். கூகுள் 2020இல் வாங்கிய நிறுவனம் அது. பத்துப் பேர் வரை சோதனையாக இலவசம். கிடங்கில் நின்றபடி ஃபோனில் இருப்பு எண்ணிக்கை பதிகிற வேலைக்கு அது அருமை. ஆசிரியர் குழுவின் அன்றாடத்துக்கு அது பொருந்தாது.

ஆண்டுக்கு இருபது தலைப்புக்குக் கீழே, அலுவலகத்தில் மூன்றே பேர் என்றால், ஷீட்ஸை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளதைப் படிக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

நோஷன்: வரிசைக்குள் ஒரு பக்கம்

நோஷனை உருவாக்கியவர்கள் 2015 வாக்கில் காசு தீரும் நிலைக்கு வந்து, சான் பிரான்சிஸ்கோவைவிட்டு ஜப்பானின் கியோட்டோவுக்குப் போய், முதலிலிருந்து திரும்ப எழுதினார்கள். 2016இல் வெளிவந்தது. இன்று நாம் அறிந்த நோஷன், அட்டவணைகளோடு கூடிய நோஷன், 2018இல்தான் பிறந்தது. இந்த வரலாறு கருவியில் இன்னும் தெரிகிறது: அது முதலில் எழுதுவதற்கான இடம், பிறகுதான் தரவுக்கான இடம்.

பதிப்பகத்துக்கு இது நல்ல செய்தி. நோஷனில் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் திறந்தால் ஒரு முழுப் பக்கம். நூலின் பெயரைச் சொடுக்கினால் உள்ளே பின்னட்டைக் குறிப்பின் நான்கு வடிவங்கள், எழுத்தாளரோடு பேசியதன் சுருக்கம், அட்டைக்கு யோசித்த படங்கள், மொழிபெயர்ப்பு என்றால் மூல உரிமை பற்றிய கடிதத் தொடர்பு, எல்லாம் அதே இடத்தில் கிடக்கும். எடிட்டர்களுக்கு உடனே பிடித்துப்போகும் கருவி எது என்று கேட்டால் யோசிக்காமல் நோஷன் என்பேன். 'நம் பதிப்பகத்தில் ஒற்று எப்படிப் போடுகிறோம், அயல்மொழிப் பெயர்களை எப்படி எழுதுகிறோம்' என்ற நடைக் கையேட்டை வைக்கவும் இதைவிட நல்ல இடம் இல்லை.

கணக்கு என்று வரும்போதுதான் அது தடுமாறும். சூத்திரங்கள் வரிசைக்குள் வேலை செய்யும். 2023இல் அவை நன்றாகவே மேம்பட்டன. ஆனாலும் எழுதும் பாராவின் நடுவில், வாக்கியத்துக்குள், நினைத்த கணக்கைப் போட முடியாது. பொத்தான் வைக்கலாம், அழுத்தினால் நிலையை மாற்றும், புதிய வரிசை சேர்க்கும். 'இது இரண்டாம் மெய்ப்பாக இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி' என்று நிபந்தனைகள் அடுக்கத் தொடங்கினால் மூச்சு வாங்கும். சில ஆயிரம் வரிசைகளைத் தாண்டிய அட்டவணை மெதுவாகத் திறப்பதையும் பழைய பயனர்கள் சொல்வார்கள். நாற்பது தலைப்புக்காரருக்கு அது தொலைவில் இருக்கும் கவலை.

இணையம் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்பது நெடுநாள் குறை. 2025 ஆகஸ்டில் அதற்கு வழி செய்தார்கள். தேவையான பக்கங்களை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். மின்சாரம் போகிற ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

கோடா: ஆவணத்துக்குள் ஒரு செயலி

யூடியூபில் பெரிய பொறுப்பில் இருந்த ஷிஷிர் மெஹ்ரோத்ராவும் அலெக்ஸ் டிநூயும் 2014இல் தொடங்கியது கோடா. பார்வைக்கு நோஷன் மாதிரியே இருக்கும். ஆழத்தில் இது வேறு சாதி. எக்ஸெல் சூத்திரம் எழுதிப் பழகியவர்களுக்கு ஓர் ஆவணத்தையே கொடுத்து, 'இதில் எங்கே வேண்டுமானாலும் கணக்குப் போடு' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் கோடா.

அச்சு வேலையிலிருந்தே ஓர் உதாரணம். புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக, ஃபாரம் கணக்கில் அச்சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேஅவுட் முடிந்து 212 பக்கம் வந்தால், அது 13 ஃபாரத்தைத் தாண்டி 14இல் விழும். 224 பக்கம், அதில் 12 வெற்றுப் பக்கம். நான்கு பக்கம் குறைத்தால் ஒரு ஃபாரம் மிச்சம். இந்தக் கணக்கை நான்கு கருவிகளும் போடும். கோடாவில் மட்டும், வாரக் கூட்டத்துக்கான பக்கத்தில் 'இந்த மாதம் அச்சகத்துக்குப் போக வேண்டியது மொத்தம் இத்தனை ஃபாரம், இத்தனை ரீம் தாள்' என்று ஒரு சாதாரண வாக்கியம் எழுதி, அந்த எண்கள் தானாக மாறும்படி வைக்கலாம். அட்டவணையைத் திறந்து பார்க்கும் பழக்கமில்லாத உரிமையாளருக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

பொத்தான்களும் அப்படித்தான். 'மெய்ப்புக்கு அனுப்பு' என்று ஒன்று வைத்தால், ஒரே அழுத்தலில் நூலின் நிலை மாறும், தேதி பதியும், அந்தத் திருத்துநரின் கூலிக் கணக்கில் பக்க எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு வரிசை சேரும், மின்னஞ்சலும் போகும். இடையில் நிபந்தனைகள் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். அந்தக் கணக்கு வரிசை தானாகச் சேருவது பெரிய நிம்மதி. காட்சி முடிந்து பிப்ரவரியில் உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு என்று வாட்ஸ்அப்பைக் கிளறும் வேலை இல்லாமல் போகும்.

குறை என்னவென்றால், இதை அமைக்க ஒருவர் ஆர்வத்தோடு உட்கார வேண்டும். நோ-கோட் என்று பெயர் இருந்தாலும் கோடாவின் சூத்திர மொழி ஏறக்குறைய நிரலாக்கம்தான். குழுவில் எக்ஸெலில் கைதேர்ந்த ஒருவர் இருந்தால் அவர் ஒரு வாரத்தில் அமைத்துவிடுவார். அப்படி யாரும் இல்லையென்றால் கோடாவின் பக்கம் போக வேண்டாம். அழகாக இருக்கிறதே என்று வாங்கி, வெறும் குறிப்பேடாகப் பயன்படுத்துவதில் அர்த்தமில்லை.

ஏர்டேபிள்: தரவுதான் முதலாளி

ஏர்டேபிள் 2012இல் தொடங்கியது. முகம் விரிதாள் போல, உள்ளே உண்மையான தரவுத்தளம். நூல்கள் ஓர் அட்டவணை, எழுத்தாளர்கள் ஓர் அட்டவணை, அச்சகங்கள் ஓர் அட்டவணை. மூன்றையும் இணைப்பது இங்கே இருப்பது போல் வேறெங்கும் சுலபமாக இல்லை. ஆயிரம் தலைப்புகள் கொண்ட பழைய பட்டியல், பதிப்பு வாரியாக அச்சுப் பிரதிகள், விநியோகஸ்தர் வாரியாக இருப்பு என்று தரவு கனத்துக்கிடக்கும் பதிப்பகத்துக்கு இதுதான் சரி.

வெளியாட்களுக்கான வாசலும் இங்கே நன்றாக இருக்கிறது. மெய்ப்புத் திருத்துநர்களில் அறுபது வயதைத் தாண்டிய, தாளில் சிவப்புப் பேனாவால் மட்டுமே வேலை செய்கிற ஒருவர் எப்படியும் இருப்பார். பெரும்பாலும் அவர்தான் அலுவலகத்திலேயே நல்ல திருத்துநராகவும் இருப்பார். அவரைக் கணக்குத் தொடங்கவும் கடவுச்சொல் ஞாபகம் வைக்கவும் சொல்வது வீண். ஒரு படிவத்தின் சுட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நூல் பெயரைத் தேர்ந்தெடுத்து 'முடிந்தது' என்று அழுத்தினால் போதும். ஏர்டேபிளில் படிவம் நிரப்புபவருக்குக் கணக்கும் வேண்டாம், கட்டணமும் இல்லை. நோஷனும் 2024இல் படிவத்தைக் கொண்டுவந்தது, கோடாவிலும் இருக்கிறது. ஆனால் ஏர்டேபிளுடையது முதிர்ந்தது.

நீளமாக எழுதுவதற்கு மட்டும் இது உகந்த இடமே இல்லை. பின்னட்டைக் குறிப்பை ஒரு கட்டத்துக்குள் எழுதிப் பாருங்கள், தெரியும். எடிட்டர்கள் ஒரு மாதத்தில் பழையபடி டாக்ஸுக்கு ஓடிவிடுவார்கள், ஏர்டேபிள் கணக்குப் பார்ப்பவரின் கருவியாகச் சுருங்கிவிடும்.

காசுக் கணக்கு

மூன்றும் காசு கேட்கும் விதம் மூன்று மாதிரி. நம் ஒன்பது பேர் குழுவுக்குத்தான் இது பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

ஏர்டேபிள் தரவில் திருத்தம் செய்யும் ஒவ்வொருவருக்கும் காசு கேட்கும். ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால் ஆளுக்கு மாதம் 20 டாலர். ஒன்பது பேரும் திருத்துபவர்கள் என்றால் மாதம் 180, ஆண்டுக்கு 2,160 டாலர். சின்னப் பதிப்பகம் இதைக் கட்டாது, கட்டவும் வேண்டாம். இலவசத் திட்டத்தில் ஐந்து பேர் திருத்தலாம். ஒரு தளத்தில் (ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளின் தொகுப்பில்) மொத்தம் 1,000 பதிவுகள்தான். நூல் நாற்பது, நூலுக்கு எட்டு வேலைநிலை என்று 320, கூலி வரிசைகள் ஒரு 160. ஆண்டுக்கு 520. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள், அதுவும் புத்தகக் காட்சி நெருக்கத்தில், கதவு மூடும்.

நோஷன் உறுப்பினருக்குக் கேட்கும், விருந்தினருக்குக் கேட்காது. பிளஸ் திட்டம் ஆண்டுக் கட்டணத்தில் ஆளுக்கு மாதம் 10 டாலர். உள்ளே இருக்கும் ஐந்து பேர் உறுப்பினர், வெளியே இருக்கும் நான்கு பேர் விருந்தினர் என்றால் மாதம் 50, ஆண்டுக்கு 600. இலவசத் திட்டம் தனி ஆளுக்குத் தாராளம். இரண்டாவது உறுப்பினரைச் சேர்த்த உடனே 1,000 பிளாக் என்று எல்லை போட்டுவிடும். எழுதும் ஒரு பாராவே ஒரு பிளாக். குழுவுக்கு அது சில வாரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே நோஷன் இலவசம் என்று நம்பி இறங்க வேண்டாம்.

கோடா ஆவணத்தை உருவாக்குபவருக்கு மட்டும் கேட்கும். அதில் எழுதுபவர், திருத்துபவர், பார்ப்பவர் யாருக்கும் இல்லை. புரோ திட்டம் ஆண்டுக் கட்டணத்தில் உருவாக்குபவர் ஒருவருக்கு மாதம் 10 டாலர். உருவாக்குபவர்கள் இரண்டு பேர் என்றால் மாதம் 20, ஆண்டுக்கு 240, மற்ற ஏழு பேரும் சும்மா. இலவசத்திலும் இருக்கலாம், பகிர்ந்த ஆவணத்தில் 1,000 வரிசை எல்லை அங்கேயும் உண்டு. விலை ஒன்றை மட்டும் பார்த்தால் கோடாவுக்கு எதிரே யாரும் நிற்க முடியாது.

இந்தக் கட்டணங்கள் அடிக்கடி மாறுபவை, வாங்கும் அன்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். விகிதம் அவ்வளவு சுலபத்தில் மாறாது.

இந்தியாவிலிருந்து கட்டுபவர்களுக்கு இன்னும் இரண்டு சங்கடம். வெளிநாட்டுச் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மற்ற தொழில்கள் அதை உள்ளீட்டு வரவாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளும். அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், நூல் மட்டும் விற்கும் பதிப்பகத்துக்கு அந்த வழி இல்லை, கட்டியது கட்டியதுதான். இரண்டாவது, ரிசர்வ் வங்கியின் 2021 அக்டோபர் விதிகளுக்குப் பிறகு கார்டில் தானாகப் புதுப்பிக்கும் வெளிநாட்டுச் சந்தாக்கள் பல நின்றுபோகின்றன. மாதச் சந்தாவாக வைத்து, டிசம்பர் நடுவில் பணம் போகாமல் கருவி பூட்டிக்கொள்வதைவிட, ஆண்டுக்கு ஒரு முறை கையால் கட்டிவிடுவது மேல்.

யார் எதைப் பார்க்கக் கூடாது?

அட்டை ஓவியர் ராயல்டி விகிதங்களைப் பார்க்கத் தேவையில்லை. ஒரு மெய்ப்புத் திருத்துநருக்கு இன்னொருவரின் கூலி தெரிய வேண்டியதில்லை. எழுத்தாளரின் வங்கிக் கணக்கு எண் கணக்குப் பார்ப்பவரைத் தவிர யாருக்கும் வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் இது மரியாதை.

இங்கே கோடா வழுக்கும். பக்கங்களை மறைக்கலாம், ஆனால் மறைத்தது பாதுகாப்பு ஆகாது. ஆவணத்துக்குள் வர அனுமதி உள்ளவர் முனைந்தால் உள்ளே இருப்பதை எட்டிவிடலாம். ஒரே ஆவணத்தில் எல்லாவற்றையும் வைக்கும் கவர்ச்சிதான் கோடாவின் பலம், அதுவே இங்கே ஆபத்து. ராயல்டியையும் வங்கி விவரத்தையும் வேறொரு ஆவணமாகப் பிரித்து வைத்து, தேவையான பத்தியை மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். இதை முதல் நாளே செய்யாவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

ஏர்டேபிளிலும் தளத்துக்குள் வந்தவருக்கு மறைத்த பத்தி எட்டாதது இல்லை. இன்டர்ஃபேஸ் என்ற முகப்பை மட்டும் பகிர்வதுதான் அங்கே வழி. நோஷனில் இந்த விஷயம் இயல்பாக அமைந்திருக்கிறது: ஒவ்வொரு நூலும் ஒரு பக்கம் என்பதால், ஓவியரை அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் விருந்தினராக அழைத்தால் போதும், மற்ற நூல்கள் அவர் கண்ணில் படாது. அந்த நூலின் பத்திகளில் இருப்பதெல்லாம் அந்தப் பக்கத்திலும் தெரியும் என்பதால், கூலியைத் தனி அட்டவணையில் வைக்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது

விமர்சனக் கட்டுரைகள் எதிலும் இதைப் பார்க்க முடியாது, ஆனால் முதல் வாரத்திலேயே இடிக்கும்.

யூனிகோடில் இல்லாத பிரதிகள் இன்றும் வருகின்றன. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை நோஷனிலோ கோடாவிலோ ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், ஏனென்றால் இக்கருவிகளில் நம் எழுத்துருவை ஏற்ற முடியாது. வேர்டில் எழுத்துரு இருப்பதால் அங்கே சரியாகத் தெரிந்திருக்கும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே எதையும் உள்ளே ஏற்றுவது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

அகரவரிசை அடுத்தது. யூனிகோட் எண் வரிசையை அப்படியே பின்பற்றும் இடங்களில் ஜ, ச-வுக்கு அடுத்து வரும். ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னே வரும். மெய்யெழுத்து உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னே போய் நிற்கும். நூற்பட்டியலை அச்சுக்கு எடுக்கும்போது இது அசிங்கமாகத் தெரியும். ஐந்தாறு எழுத்தாளர் பெயர்களைப் போட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டு, சரியாக வராவிட்டால் வரிசை எண்ணுக்கென்று ஒரு பத்தி வைத்துவிடுங்கள். தேடலிலும் 'புத்தகம்' என்று தேடினால் 'புத்தகத்தை' சிக்காமல் போகலாம். 'புத்தக' என்று தேடிப் பழகிக்கொள்ள வேண்டும்.

வெளியேறும் வழி

இந்த வகைக் கருவிகளின் ஆயுள் பற்றி யாரும் உத்தரவாதம் தர முடியாது. கூகுள் வேவ் 2009 மே மாதம் ஆரவாரமாக அறிவிக்கப்பட்டு 2010 ஆகஸ்டில் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. 2016இல் சேல்ஸ்ஃபோர்ஸ் 75 கோடி டாலருக்கு வாங்கிய குவிப் என்ற கூட்டு ஆவணக் கருவி இப்போது மூடுவிழாவை நோக்கிப் போகிறது. கோடாவை, ஆங்கில எழுத்தைத் திருத்தும் கருவியான கிராமர்லியின் நிறுவனம் வாங்குவதாக 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. கோடாவின் தலைவரே கிராமர்லிக்குத் தலைவரானார், அப்புறம் 2025 அக்டோபரில் அந்த நிறுவனமே சூப்பர்ஹியூமன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இத்தனை ஆட்டத்துக்கு நடுவில் கோடாவின் ஆவணக் கருவிக்கு எவ்வளவு கவனம் கிடைக்கும் என்பதுதான் என் ஒரே தயக்கம்.

ஆகவே வெளியேறினால் கையில் வருவது என்ன? ஷீட்ஸிலிருந்து எக்ஸெல் கோப்பாக, சூத்திரங்களோடு, கிட்டத்தட்ட முழுசாக வரும். நோஷனிலிருந்து பக்கங்கள் மார்க்டவுனாகவும் (எளிய உரைக் கோப்பு) அட்டவணைகள் சிஎஸ்வியாகவும் (எக்ஸெலில் திறக்கக்கூடிய வெறும் தரவுக் கோப்பு) வரும். எழுத்து பத்திரம், அட்டவணைகளுக்கு இடையிலான உறவுகள் வெறும் பெயர்களாகிவிடும். கோடாவிலிருந்து அட்டவணைகள் சிஎஸ்வியாக வரும், பொத்தானும் சூத்திரமும் வராது, அதாவது நீங்கள் உழைத்த பகுதி வராது. ஏர்டேபிளின் சிஎஸ்வியில் இணைத்த கோப்புகளுக்குப் பதில் சுட்டிகள்தான் இருக்கும், அந்தச் சுட்டிகளும் சில மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். அட்டைப் படங்களின் மூலக் கோப்பை ஏர்டேபிளில் மட்டும் வைத்திருக்காதீர்கள். கூகுள் டிரைவில் ஒன்று, அலுவலக ஹார்ட் டிஸ்கில் ஒன்று.

மற்றவை பற்றி இரண்டொரு வரி. அலுவலகம் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 கட்டிக்கொண்டிருந்தால் அதன் கூட்டு ஆவணக் கருவியான லூப் கூடவே வருகிறது. குறிப்புக்கும் கூட்டத்துக்கும் சரி, இந்த அளவு அட்டவணை வேலைக்குப் பலம் போதாது. ஜோஹோ கிரியேட்டர் 2006இலிருந்து இருக்கிறது, ரூபாயில் பில், தரவு இந்தியாவில், ஆதரவுக்குத் தமிழ்நாட்டிலேயே ஆள் என்று நம் ஊருக்குப் பல வசதிகள். ஆனால் அது படிவமும் அறிக்கையுமாக இயங்கும் செயலி, ஆவணம் இல்லை. விற்பனை, ரசீது, இருப்பு என்று வரும்போது அதை யோசிக்கலாம். கிரிஸ்ட், பேஸ்ரோ போன்ற திறமூலக் கருவிகளைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். காப்பு எடுப்பதும் நம் பொறுப்பாகிவிடும் என்பதால், அதற்கென்று ஒரு ஆள் இல்லாத பதிப்பகம் அதைத் தொட வேண்டாம்.

என் தேர்வு

மேலே சொன்ன ஒன்பது பேர் குழுவுக்கு, எக்ஸெலில் கை ஓடும் ஒருவர் உள்ளே இருந்தால், கோடா. விலை அதற்குச் சாதகம், கூலிக் கணக்கு தானாக விழும் வசதி அதைவிடச் சாதகம். மாதம் ஒரு முறை சிஎஸ்வி எடுத்து வைப்பதை ஒருவர் பெயரில் வேலையாகப் போட்டுவிட வேண்டும். அப்படி ஆள் இல்லாத, எடிட்டர்களின் கை ஓங்கிய பதிப்பகம் என்றால் நோஷன் பிளஸ். ஆண்டுக்கு 360 டாலர் கூடுதல், ஆனால் இரண்டாம் நாளே எல்லாரும் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார்கள். பழைய தலைப்புகளின் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டி, விநியோகம்தான் தலைவலி என்றால் ஏர்டேபிள், அதுவும் கிடங்கையும் கணக்கையும் பார்க்கும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும். மற்றவர்களுக்குப் படிவம்.

எதை எடுத்தாலும் மார்ச்சில் தொடங்குங்கள். காட்சி முடிந்து, பாக்கி பைசல் ஆகி, அடுத்த ஆண்டுத் தலைப்புகள் ஒன்றிரண்டு மட்டும் மேசையில் இருக்கும் நேரம் அது. ஒரே ஒரு நூலை, கையெழுத்துப் பிரதியிலிருந்து ராயல்டிக் கணக்கு வரை, புதிய கருவியில் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். அதுவரை பழைய எக்ஸெலும் கூடவே ஓடட்டும். ஆகஸ்டுக்குள் எல்லாத் தலைப்பும் உள்ளே வந்துவிட்டால் சரி. வராவிட்டால் செப்டம்பருக்கு மேல் எதையும் மாற்றாமல் அந்த ஆண்டைப் பழையபடியே முடித்துவிட்டு, அடுத்த மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம்.